குழு மின்னஞ்சலில் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் அனுப்புவது எப்படி?

சுற்றறிக்கைக்காரர் கேட்டது:

வணக்கம். மாதாந்தரச் சுற்றறிக்கை ஒன்றை 340 பேருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அதில் சுமார் 200 பேர் நிறுவனத்துக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் வெளியாட்கள், ஜிமெயில், யாஹூ, சொந்த டொமைன் என்று எல்லாம் கலந்து இருக்கிறது. யாருடைய முகவரியும் இன்னொருவர் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

அவுட்லுக்கில் ‘காண்டாக்ட் குரூப்’ செய்து டூ-வில் (பெறுநர் கட்டத்தில்) போட்டால் பெறுபவருக்குக் குழுவின் பெயர் போவதில்லை. 340 முகவரியும் வரிசையாக நிற்கிறது.

அதே குழுவை பிசிசி-யில் (மறைநகல் கட்டத்தில்) போட்டால் முகவரிகள் மறைகின்றன. ஆனால் வெளியாட்களில் பலருக்கு ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடுகிறது. டூ-வைக் காலியாகத்தான் விட்டேன்.

ஐடி பிரிவு சர்வரில் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட் உருவாக்கிக் கொடுத்தது. அதைப் போட்டால் பட்டியலின் பெயர் மட்டும் தெரிகிறது. ஆனால் நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் பெயருக்கு முன்னால் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் மொத்தப் பெயரும் விரிகிறது. யாராவது ‘ரிப்ளை ஆல்’ கொடுத்தால் எல்லாருக்கும் போகிறது.

எந்த வழியில் போவது? இரண்டுமே ‘குரூப்’தானே, ஏன் ஒன்று விரிகிறது, ஒன்று விரிவதில்லை?

---

உறைவாசகம் எழுதியது:

கடைசிக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. குழு எந்த இடத்தில் விரிக்கப்படுகிறது என்று பாருங்கள்.

காண்டாக்ட் குரூப் உங்கள் மெயில்பெட்டிக்குள் இருக்கும் ஒரு குறிப்பு மட்டுமே. உலகத்தில் வேறு எந்த சர்வருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அதனால் ‘சென்ட்’ அழுத்தியதும் அவுட்லுக்கே அதைப் பிரித்து, 340 முகவரியாக ஹெட்டரில் (மடலின் தலைப்பு வரிகளில்) எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறது. டூ-வில் போட்டாலும் சிசி-யில் போட்டாலும் இதே கதைதான். ‘பெயர் மட்டும் தெரியட்டும்’ என்று சொல்ல அவுட்லுக்கில் ஒரு அமைப்பும் கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்டுக்கு என்று சொந்த முகவரி உண்டு. மடல் அந்த ஒரே முகவரிக்குப் போகிறது; பிரிப்பது சர்வர். சர்வர் பிரிக்கும்போது ஹெட்டரைத் தொடுவதில்லை. அதனால் வெளியில் இருப்பவர் ஹெட்டரைத் தோண்டிப் பார்த்தாலும் பட்டியல் முகவரிக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. உள்ளே இருப்பவர்களுக்கு விரிவதற்குக் காரணம் மடல் இல்லை. அவர்களுடைய அவுட்லுக், நிறுவன முகவரிப் புத்தகத்தில் போய்க் கேட்டு வாங்கி வருகிறது. அதை மூடுவது ஐடி-யின் வேலை, கீழே யாராவது சொல்வார்கள்.

பிசிசி எப்படி மறைக்கிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மடலுக்கு உறையும் உண்டு, உள்ளே தாளும் உண்டு. சர்வர்கள் பார்ப்பது உறை மேல் உள்ள முகவரிகளை. நீங்கள் திரையில் பார்க்கும் டூ, சிசி இரண்டும் தாளில் எழுதியவை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பிசிசி-யில் போட்ட பெயர்கள் உறையில் மட்டும் ஏறுகின்றன, தாளிலிருந்து நீக்கப்படுகின்றன. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5322 என்ற மின்னஞ்சல் வடிவத் தரநிலை இதை வரையறுக்கிறது.

செய்முறை: பழைய அவுட்லுக்கில் புதிய மடலைத் திறந்து ‘ஆப்ஷன்ஸ்’ தாவலில் ‘பிசிசி’யைத் தட்டினால் அந்தக் கட்டம் வரும். ஒருமுறை வரவைத்தால் அடுத்தடுத்த மடல்களிலும் நிற்கும். புதிய அவுட்லுக்கிலும் வலைப் பதிப்பிலும் டூ வரியின் வலது ஓரத்தில் இருக்கிறது. எப்போதும் தெரிய வேண்டுமானால் அமைப்புகளில் ‘மெயில்’, அதற்குள் ‘கம்போஸ் அண்ட் ரிப்ளை’ பகுதியில் டிக் செய்யுங்கள். காண்டாக்ட் குரூப்பை அங்கே போடுங்கள். டூ-வில் உங்கள் முகவரியையே, அல்லது சுற்றறிக்கைக்கென ஒரு பொது முகவரி இருந்தால் அதைப் போடுங்கள். டூ காலியாக இருந்தால் சில மென்பொருள்கள் ‘அன்டிஸ்க்ளோஸ்டு ரெசிபியன்ட்ஸ்’ என்று தாமாக நிரப்பும். ஸ்பாம் வடிகட்டிகளுக்கு அந்த வரி மேல் நல்லெண்ணம் குறைவு.

குழுப் பெயருக்கு முன்னால் இருக்கும் கூட்டல் குறியை நீங்களும் தட்டாதீர்கள். தட்டினால் பெயர்களாகப் பிரிந்துவிடும், மறுபடி குழுவாகச் சுருக்க முடியாது என்று அவுட்லுக்கே எச்சரிக்கும். பிரித்த பிறகு கட்டத்தை மாற்றி ஒட்டும்போதுதான் பலர் டூ-வில் கொட்டிவிடுகிறார்கள்.

---

சர்வர்மாடம் எழுதியது:

டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட் பக்கத்தை நான் சொல்றேன். உங்க ஐடி-கிட்ட இதை அப்படியே காட்டலாம்.

‘முகவரிப் புத்தகத்திலிருந்து மறை’ன்னு ஒரு அமைப்பு இருக்கு. எல்லாரும் முதல்ல அதைத்தான் டிக் பண்ணுவாங்க. அது பட்டியலையே தேடலில் வராம செய்யும். உறுப்பினர்களை மூடுறதுக்குன்னு வந்த அமைப்பு இல்லை. அதோட, பட்டியலுக்கு அனுப்ப வேண்டியவங்களுக்கும் பெயர் கிடைக்காது, முழு முகவரியையும் தட்டச்சு செய்யணும்.

உங்களுக்கு வேண்டியது உறுப்பினர் பட்டியலை மறைக்கிற அமைப்பு. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல (மைக்ரோசாஃப்ட் 365-ஓட மெயில் சேவை), பவர்ஷெல்லில் (நிர்வாகிகள் கட்டளை தட்டச்சு செய்யுற கருவி) ‘நியூ-டிஸ்ட்ரிபியூஷன்குரூப்’ கட்டளை கொடுக்கும்போது ‘ஹிடன்குரூப்மெம்பர்ஷிப்எனேபிள்ட்’ சுவிட்சைச் சேர்க்கணும். இதைப் பட்டியல் உருவாக்கும்போதே சேர்த்துடுங்க. இப்படி மறைச்ச பட்டியலைப் பிற்பாடு திறந்து காட்ட முடியாதுங்கிறதையும் யோசிச்சுட்டு செய்யுங்க. சரியான வழி: புதுசா ஒரு பட்டியல் மறைச்ச நிலையில உருவாக்கி, ஆட்களை மாத்தி, பழசை நீக்கிட்டு, அதோட முகவரியைப் புதுசுக்குக் கொடுக்கிறது.

சொந்த சர்வர்ல எக்ஸ்சேஞ்ச் வச்சிருக்கிறவங்களுக்கு அந்த சுவிட்ச் இல்லை. அவங்க டைனமிக் டிஸ்ட்ரிபியூஷன் குரூப் போடலாம். அதுல ஆட்களைச் சேர்க்கிறதே இல்லை, ஒரு நிபந்தனை மட்டும் எழுதுறோம். அதனால அவுட்லுக்ல விரிச்சுப் பார்க்கவும் முடியாது. 15 ‘கஸ்டம் அட்ரிப்யூட்’ கட்டங்கள் இருக்கு, அதுல ஒண்ணுல ‘சுற்றறிக்கை’ன்னு எழுதி, அது இருக்கிறவங்களுக்குப் போகட்டும்னு நிபந்தனை கொடுத்தா போதும். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்லயும் இது வேலை செய்யும். ஆனா அங்க உறுப்பினர் கணக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். இன்னைக்குக் காலையில சேர்த்தவருக்கு மத்தியானம் போகலைன்னு பதறக் கூடாது.

வெளியாட்கள் 140 பேரை இதே பட்டியல்ல சேர்க்கணும்னா ஒவ்வொருவருக்கும் ‘மெயில் காண்டாக்ட்’ உருவாக்கணும். இங்கதான் ஒரு ஓட்டை: அந்த காண்டாக்ட் எல்லாம் தானாகவே நிறுவன முகவரிப் புத்தகத்துல போய் உட்காரும். பட்டியலை மூடிட்டு, ஆட்களைத் தனித்தனியா வாசல்ல நிறுத்தின மாதிரி ஆயிடும். ஒவ்வொரு காண்டாக்டையும் முகவரிப் புத்தகத்திலிருந்து மறைச்சுடுங்க. மறைச்ச பிறகும் பட்டியல் வழியா மெயில் போகும்.

‘ரிப்ளை ஆல்’ பிரச்சினைக்கு: எக்ஸ்சேஞ்ச் அட்மின் சென்டர்ல குழுவைத் திறந்து, ‘செட்டிங்ஸ்’ தாவல்ல ‘டெலிவரி மேனேஜ்மென்ட்’. அனுப்ப அனுமதி உள்ளவங்கன்னு இரண்டு மூணு பேரை மட்டும் போடுங்க. மத்தவங்க ‘ரிப்ளை ஆல்’ கொடுத்தா, பட்டியலுக்குப் போகாம அவங்களுக்கே திரும்பிடும். புதுசா உருவாக்கின பட்டியல் வெளியிலிருந்து வர்ற மெயிலை ஏற்காது, அதை அப்படியே விட்டுவைங்க.

அளவைப் பத்தியும் சொல்லிடுறேன். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல ஒரு மடலுக்கு இயல்பா 500 பெறுநர், அட்மின் 1000 வரைக்கும் உயர்த்தலாம். ஒரு மெயில்பெட்டிக்கு ஒரு நாளைக்கு 10,000. சர்வர் பட்டியல் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே பெறுநராத்தான் கணக்கு. உங்க மெயில்பெட்டிக்குள்ள இருக்கிற காண்டாக்ட் குரூப்ல ஒவ்வொருத்தரும் தனித்தனி கணக்கு. இப்போ 340-ல் இருக்கீங்க, 500 தாண்டின அன்னைக்கு காண்டாக்ட் குரூப் வழி நிக்கும்.

---

கீபோர்டு_கிளி எழுதியது:

பட்டியலையும் பிசிசி-யில் போடலாமே? ‘ரிப்ளை ஆல்’ கொடுத்தாலும் அனுப்பியவருக்கு மட்டும்தான் போகும். பட்டியலின் முகவரியே யாருக்கும் தெரியாது, விரிக்கவும் ஒன்றும் இருக்காது. ஐடி-யிடம் போய் நிற்க முடியாதவர்களுக்கு இதுதான் சுலபம்.

மற்ற மென்பொருள்கள் வைத்திருப்பவர்களுக்கும் இந்த இழை பயன்படட்டும் என்று சேர்க்கிறேன்:

ஜிமெயிலில் காண்டாக்ட்ஸ் ‘லேபிள்’ பெயரைத் தட்டச்சு செய்தால் அந்த இடத்திலேயே தனித்தனி முகவரியாக விரியும். ஆகவே கர்சர் பிசிசி கட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லேபிள் பெயரை அடியுங்கள். இலவசக் கணக்கில் ஒரே மடலில் 500 பேருக்கு மேல் போட்டாலோ, ஒரு நாளில் 500 மடலைத் தாண்டினாலோ அனுப்புவதை நிறுத்திவைப்பார்கள். பெறுபவர் ஜிமெயிலில் இருந்தால் விவரத்தைத் திறக்கும்போது தன் பெயர் பிசிசி-யில் இருப்பது அவருக்குத் தெரியும். மற்றவர் பெயர் தெரியாது.

தண்டர்பேர்டில் முகவரிப் புத்தகப் பட்டியலும் அனுப்பும்போது விரியும். டூ, சிசி இரண்டிலும் சேர்த்து 15 முகவரி ஆகிவிட்டால் கீழே ஒரு மஞ்சள் பட்டை வந்து, ‘பிசிசி-க்கு மாற்றவா?’ என்று கேட்கும். அங்கேயே ஒரு பொத்தான், தட்டினால் எல்லாம் இடம் மாறிவிடும். எல்லா மென்பொருளிலும் இருக்க வேண்டிய வசதி இது.

மேக் கணினியின் மெயில் செயலியில் மட்டும் சுற்றறிக்கைக்காரர் தேடிய அமைப்பு நிஜமாகவே இருக்கிறது. ‘செட்டிங்ஸ்’, ‘கம்போசிங்’ போய், குழுவுக்கு அனுப்பும்போது எல்லா உறுப்பினர் முகவரிகளையும் காட்டு என்று சொல்லும் வரியில் டிக்கை எடுத்துவிட்டால், டூ-வில் போட்ட குழு பெறுபவருக்குப் பெயராக மட்டும் போகும்.

---

சர்வர்மாடம் எழுதியது:

கிளி சொன்னது சரி, பட்டியலை பிசிசி-யில் போடறதுல தப்பில்லை. ஒரே ஒரு இழப்பு: ‘இந்தப் பட்டியலுக்கு வந்தா இந்த ஃபோல்டருக்குப் போ’ன்னு பெறுபவர்கள் விதி எழுதி வச்சிருந்தா அது வேலை செய்யாது. அந்த விதி டூ, சிசி வரிகளைத்தான் பார்க்கும். சுற்றறிக்கைக்கு விதி எழுதுறவங்க நிறைய பேர் இருப்பாங்க, அவங்களைப் பொருள் வரியை வச்சு எழுதச் சொல்லிடுங்க. நீங்களும் ஒவ்வொரு மாசமும் பொருள் வரியை ஒரே மாதிரி தொடங்குங்க.

---

சுற்றறிக்கைக்காரர் எழுதியது:

மிக்க நன்றி. உள்ளே இருக்கும் 200 பேருக்கு மறைத்த பட்டியல் என்று ஐடி-யிடம் கேட்டிருக்கிறேன். வெளியாட்களுக்கு பிசிசி-யே போதும் என்று நினைக்கிறேன், டூ-வில் பொது முகவரி.

இன்னும் இரண்டு சந்தேகம். வெளியாட்களில் ஒரு முகவரி, வேறொரு அமைப்பு மெயில்மேன் என்ற அஞ்சல் பட்டியல் மென்பொருளில் நடத்தும் பட்டியல். அதற்கு பிசிசி-யில் அனுப்பினால் ‘இம்ப்ளிசிட் டெஸ்டினேஷன்’ என்று காரணம் சொல்லி நிறுத்திவைக்கிறது. இரண்டாவது, ஸ்பாம் பிரச்சினை டூ-வை நிரப்பியதும் முழுவதும் தீருமா?

---

பழைய_போஸ்ட்மாஸ்டர் எழுதியது:

மெயில்மேன் செய்வது வேண்டுமென்றே செய்வதுதான். பட்டியலின் முகவரி டூ-விலோ சிசி-யிலோ கண்ணுக்குத் தெரிய எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் இயல்பு நிலை. பிசிசி-யில் வந்தால் அது ‘மறைமுகமாக வந்த மடல்’. குப்பை மடல்கள் பெரும்பாலும் அப்படி வருவதால் மட்டறுத்தலுக்கு நிறுத்திவைக்கும். மெயில்மேன் 2.1-இல் ‘பிரைவசி ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ரெசிபியன்ட் ஃபில்டர்ஸ்’ என்பதற்குள் இந்த அமைப்பு இருக்கிறது. மெயில்மேன் 3-லும் அதே விதி உண்டு. அங்கே ‘அக்செப்டபிள் ஏலியாசஸ்’ என்ற பெட்டியில் உங்கள் டூ-வில் இருக்கும் பொது முகவரியைச் சேர்த்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து நிற்காமல் போகும். அந்தப் பட்டியலின் நிர்வாகிதான் சேர்க்க முடியும். அவர் மசியாவிட்டால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் டூ-வில் போட்டுத் தனி மடல் அனுப்புங்கள்.

அதே பகுதியில் இன்னொரு தடையும் இருக்கிறது: கண்ணுக்குத் தெரியும் பெறுநர்கள் 10 பேரை எட்டினாலே மெயில்மேன் நிறுத்திவைக்கும். பிசிசி-யில் போகும் உங்களுக்கு அது பொருந்தாது. டூ-வில் கொட்டுபவர்களுக்குத்தான்.

நீங்களே மெயில்மேன் அல்லது கூகுள் குரூப்ஸ் நடத்துவதாக இருந்தால் முதல் வேலையாக உறுப்பினர் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதை மாற்றுங்கள். மெயில்மேன் 2.1-இல் ‘நிர்வாகி மட்டும்’, கூகுள் குரூப்ஸில் ‘ஹூ கேன் வியூ மெம்பர்ஸ்’ என்ற வரியில் உரிமையாளர்கள் அல்லது மேலாளர்கள். அடுத்து ‘யார் எழுதலாம்’ என்பதையும் அதே அளவுக்குச் சுருக்குங்கள். இல்லாவிட்டால் பட்டியல் மூடியிருந்தும், ‘கிடைத்தது, நன்றி’ என்று பதில் போடும் ஒவ்வொருவரும் தம் முகவரியைத் தாமே எல்லாருக்கும் அனுப்பிவைப்பார்கள். பூட்டைப் பூட்டியும் பயன் இல்லை.

ஸ்பாம் பற்றி: டூ-வை நிரப்புவது பாதி மருந்துதான். பெறும் சர்வர் பார்ப்பது, ஒரே மடல் எத்தனை முகவரிக்கு வருகிறது, அதில் எத்தனை செத்த முகவரி, உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மடல் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) மூன்றும் சரியாக இருக்கிறதா என்பதை. பவுன்ஸ் ஆன (மடல் சேராமல் திரும்பி வந்த) முகவரிகளை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப இல்லாத முகவரிக்கு அனுப்புவதைப் போல நற்பெயரைக் கெடுப்பது வேறு இல்லை. 140 பேரை ஒரே மூச்சில் அனுப்பாமல் 40, 50 ஆகப் பிரித்து அனுப்பினாலும் வித்தியாசம் தெரியும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்குத்தான் கடுமை அதிகம். ஆனால் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற அடிப்படை எல்லாருக்கும் பொருந்தும்.

---

நேர்கோடு எழுதியது:

பிசிசி-யை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதாமாதம் செய்கிற வேலை, ஒரு மாதம் கட்டம் மாறினால் போதும். பட்டியலில் இருப்பதே ஒரு ரகசியமாக இருக்கக்கூடிய இடங்களில் (நோயாளிகள், ஆலோசனை பெறுபவர்கள், புகார் கொடுத்தவர்கள்) அது மன்னிக்கப்படுவதில்லை. 2020 பிப்ரவரியில் எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் 105 பேருக்கு அனுப்பிய மடலில் பிசிசி-க்குப் பதில் சிசி விழுந்தது. 65 முகவரிகளைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2021 அக்டோபரில் 10,000 பவுண்டு அபராதம் விதித்தது. மொத்தமாக அனுப்பும் சேவை ஒன்றை அவர்கள் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்தார்கள். பழைய பழக்கத்தில் பிசிசி-யிலேயே தொடர்ந்தார்கள்.

ஆளுக்கொரு மடல் தனியாகப் போனால், மறைக்க வேண்டிய பட்டியலே மடலில் இருக்காது. அதற்குச் செலவில்லாத வழி மெயில் மெர்ஜ்.

எக்செலில் ஒரு தாள். முதல் வரிசையில் தலைப்புகள்: பெயர், மின்னஞ்சல். ஒரு கட்டத்தில் ஒரே முகவரி. இரண்டு முகவரி கமா போட்டு இருந்தாலோ, பின்னால் இடைவெளி ஒட்டியிருந்தாலோ அந்த வரிசையில் சிக்கும். சேமித்து மூடிவிடுங்கள்.

வேர்டில் சுற்றறிக்கையை எழுதி ‘மெயிலிங்ஸ்’ தாவலுக்குப் போங்கள். ‘ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்’, அதில் ‘இமெயில் மெசேஜஸ்’. ‘செலக்ட் ரெசிபியன்ட்ஸ்’ வழியாக அந்த எக்செலைக் காட்டுங்கள். (காண்டாக்ட்ஸிலிருந்தும் எடுக்கலாம்.) பெயர் வர வேண்டிய இடத்தில் ‘இன்செர்ட் மெர்ஜ் ஃபீல்டு’. ‘பிரிவ்யூ ரிசல்ட்ஸ்’ தட்டி நாலைந்து பேரைப் புரட்டிப் பாருங்கள். பிறகு ‘ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்’, ‘சென்ட் இமெயில் மெசேஜஸ்’. டூ-வுக்கு மின்னஞ்சல் என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, பொருள் வரி எழுதி, வடிவம் எச்டிஎம்எல் என்று வைத்து அனுப்புங்கள். முதல் தடவை முழுப் பட்டியலும் வேண்டாம். ‘ஃப்ரம் – டூ’ கட்டத்தில் 1 முதல் 2 வரை என்று கொடுத்து, அந்த முதல் இரண்டு வரிசையில் உங்கள் முகவரிகளையே வைத்துச் சோதியுங்கள்.

இதற்குப் பழைய அவுட்லுக் கணினியில் இருக்க வேண்டும், இயல்பு மெயில் செயலியாகவும் இருக்க வேண்டும். இணைப்புக் கோப்பு சேர்க்க முடியாது, சிசி கிடையாது, பொருள் வரியில் பெயர் நுழைக்க முடியாது. பிடிஎஃப் அனுப்ப வேண்டுமானால் எங்காவது ஏற்றி இணைய இணைப்பைக் கொடுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் நிமிடத்துக்கு 30 மடலைத்தான் விடும், ஆகவே 340-க்குப் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். ‘அவுட்பாக்ஸ்’ காலியாகும்வரை அவுட்லுக்கை மூட வேண்டாம்.

ஜிமெயிலில் சில கட்டண வொர்க்ஸ்பேஸ் திட்டங்களில் மெயில் மெர்ஜ் உள்ளேயே இருக்கிறது. டூ வரியின் ஓரத்தில் அதன் குறி, மடலுக்குள் ‘@’ அடித்தால் பெயர்க் கட்டம் வரும். விலகிக்கொள்ளும் இணைப்பை அடியில் அதுவே சேர்த்துவிடும்.

---

கீபோர்டு_கிளி எழுதியது:

ரகசியமான பட்டியலுக்கு நேர்கோடு சொல்வதுதான் சரி. சாதாரணச் சுற்றறிக்கைக்கு பிசிசி-யைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, ஒரு தடுப்பு போட்டுக்கொண்டால் போதும். பழைய அவுட்லுக்கில் ‘ரூல்ஸ்’ பகுதியில், அனுப்பும் மடல்களுக்கு விதி உருவாக்கி ‘டெலிவரியைத் தாமதப்படுத்து’ என்பதில் 2 நிமிடம் கொடுங்கள் (120 நிமிடம் வரை போகும்). அவுட்பாக்ஸில் நிற்கும்போது திறந்து பார்த்து நிறுத்தலாம். ஜிமெயிலில் ‘அன்டூ சென்ட்’ நேரத்தை 5 வினாடியிலிருந்து 30-க்கு மாற்றிவையுங்கள். ‘ரீகால்’ என்பதை நம்பாதீர்கள். ஜிமெயிலுக்குப் போனதைத் திரும்ப எடுக்க எந்த பொத்தானும் இல்லை.

---

உறைவாசகம் எழுதியது:

கட்டம் சரியாக இருந்தும் முகவரி கசியும் இடங்கள் சில உண்டு.

போன மாத மடலை ‘ஃபார்வர்டு’ செய்து, தேதியை மாற்றி அனுப்புவது. போன மாதம் டூ-வில் போயிருந்தால், அந்த 340 பெயரும் இந்த மடலின் உடலுக்குள் ‘டூ:’ என்று தொடங்கும் எழுத்தாகவே உட்கார்ந்திருக்கும். மேலே பிசிசி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் பயன் இல்லை. எப்போதும் புதிய மடல், அல்லது முகவரி இல்லாத ஒரு மாதிரி மடல்.

பொது மெயில்பெட்டியிலிருந்து அனுப்புவது. அனுப்பியவருக்கு ‘சென்ட்’ பெட்டியில் பிசிசி வரி அப்படியே தெரியும். அந்தப் பெட்டியை ஐந்து பேர் திறக்கிறார்கள் என்றால் ஐந்து பேருக்கும் தெரியும்.

டூ-வில் பொறுப்பாளர் ஒருவரை வைத்துவிட்டு மற்றவர்களை பிசிசி-யில் போடுவது. பிசிசி ஆள் ‘ரிப்ளை ஆல்’ கொடுத்தால் அது டூ-வில் இருப்பவருக்கும் போகும்; தான் பட்டியலில் இருப்பதை அவரே காட்டிக்கொடுத்துவிடுகிறார். பதில்கள் வேறு முகவரிக்கு வர வேண்டுமானால் பழைய அவுட்லுக்கில் ‘ஆப்ஷன்ஸ்’ தாவலில் ‘டைரக்ட் ரிப்ளைஸ் டூ’ இருக்கிறது. அங்கே பொது முகவரியைக் கொடுங்கள்.

எந்த வழியானாலும் முதலில் வேறு வேறு சேவைகளில் உள்ள உங்கள் இரண்டு முகவரிக்கு அனுப்பி ஹெட்டரைப் பாருங்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’. பழைய அவுட்லுக்கில் மடலைத் தனி ஜன்னலில் திறந்து ‘ஃபைல்’, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, கீழே ‘இன்டர்நெட் ஹெட்டர்ஸ்’ பெட்டி. அங்கே உங்கள் மற்ற முகவரியைத் தேடுங்கள். எங்கேயும் அகப்படக் கூடாது.

---

சுற்றறிக்கைக்காரர் எழுதியது:

ஃபார்வர்டு விஷயம் நல்ல வேளை சொன்னீர்கள், அப்படித்தான் அனுப்பலாம் என்று இருந்தேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி: இதே 340 பேருக்குக் கூட்ட அழைப்பை காலண்டரில் அனுப்ப வேண்டும். அதில் பிசிசி கட்டமே காணோமே?

---

சர்வர்மாடம் எழுதியது:

காண முடியாது, அழைப்புல பிசிசி கட்டம் கிடையாது. வலைப் பதிப்பிலயோ புதிய அவுட்லுக்கிலயோ அழைப்பைத் திறந்து ‘ரெஸ்பான்ஸ் ஆப்ஷன்ஸ்’ தட்டினா ‘ஹைட் அட்டெண்டீ லிஸ்ட்’ இருக்கும், அதை டிக் பண்ணிட்டு அனுப்புங்க. கூகுள் காலண்டர்னா விருந்தினர் அனுமதிகள்ல ‘சீ கெஸ்ட் லிஸ்ட்’ டிக்கை எடுத்துடுங்க. இரண்டுலயும் முதல் அழைப்பு போறதுக்கு முன்னாலேயே செய்யணும். ஒரு தடவை பெயர்களோட போயிட்டா அப்புறம் மறைச்சு பிரயோஜனம் இல்லை.

பெரிய கூட்டம்னா எனக்குப் பிடிச்ச வழி வேற. அழைப்பை உங்க பெயருக்கு மட்டும் வச்சு, அதை ‘.ஐசிஎஸ்’ கோப்பா சேமிச்சு, சுற்றறிக்கை மடலோட இணைச்சு பிசிசி-யில அனுப்பிடுங்க. திறக்கிறவங்க காலண்டர்ல ஏறிடும். யார் வர்றாங்கன்னு கணக்கு மட்டும் உங்களுக்கு வராது, அதுக்கு ஒரு படிவ இணைப்பு போட்டுக்கலாம்.